விடிலியிலிருந்து பார்த்த லிஸி

லிஸியை எனக்கு முதலில் பிடிக்கவில்லை. இன்று அவள் பெயரை எடுத்தாலே என் குரல் மாறிவிடுகிறது என்று மகள் சொல்வாள். ஆனால் பத்தொன்பது வயதில், நாகர்கோவிலில் கல்லூரி விடுதியின் கொசுவலைக்குள் படுத்துக்கொண்டு ‘புத்தம் வீடு’ வாசித்தபோது, இந்தப் பெண் ஏன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்கிறாள் என்று எரிச்சல்தான் வந்தது. இரண்டு ராத்திரியில் முடித்தேன். காதல் கைகூடுமா கூடாதா என்பது மட்டும்தான் அப்போது எனக்கு வேண்டியிருந்தது, அது தெரிந்ததும் புத்தகத்தைக் கொண்டுபோய் நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வாசிக்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். ஹெப்சிபா ஜேசுதாசன் எழுதிய நாவல் அது, 1964-ல் வந்தது. அவர் 1925-ல் பர்மாவில் பிறந்தவர், திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியையாக இருந்தவர், 2012-ல் காலமானார். ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த ஒருவர், எங்கள் குமரி மாவட்டத்து விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பேச்சைக் கொஞ்சமும் கூச்சப்படாமல் அச்சில் ஏற்றியிருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய விஷயம். கதை நடக்கிற ஊர் பனைவிளை. புத்தம் வீடு என்பது ஒரு காலத்தில் செழிப்பாக இருந்து நொடித்துப்போன வீடு. அந்த வீட்டுப் பேத்தி லிஸி. கண்ணப்பச்சி, அதாவது தாத்தாவின் செல்லம். பெரிய மனுஷி ஆனதும் அவளுக்குப் பள்ளிக்கூடம் நின்றுபோகிறது, வீட்டுக்குள் இருக்கிறாள். அவள் மனசு போய் நிற்பது, அவர்களுடைய பனைகளில் ஏறுகிற அன்பையனின் மகன் தங்கராஜிடம். இரண்டு வீட்டுக்கும் ஒரே சாதி, ஒரே வேதம். ஆனால் பனை வைத்திருப்பவர் வேறு, பனை ஏறுபவர் வேறு. பெண் கொடுக்க மாட்டார்கள். இதற்கு மேல் கதையைச் சொல்ல மாட்டேன், பாதிக்கு மேல் என்ன நடக்கிறது என்பதை நீங்களே வாசித்துத் தெரிந்துகொள்வதுதான் நியாயம்.

இரண்டாவது தடவை வாசித்தது 2010-ல். கல்யாணமாகி கருங்கல் பக்கம் வந்து, மகள் பிறந்து, பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது. யாரும் விடச் சொல்லவில்லை, விடாதே என்றும் யாரும் சொல்லவில்லை. எங்கள் வீட்டு அடுக்களை ஜன்னலில் நின்றால் எங்கள் விளை, அதாவது தோட்டம், தெரியும், அதற்கு அந்தப் பக்கம் ரோடும் கொஞ்சம் தெரியும். பஸ் போகிற நேரத்தை வைத்து மணி சொல்லுமளவுக்கு அந்த ஜன்னல் எனக்குப் பழகியிருந்தது. அப்போதுதான் நாகர்கோவிலில் ஒரு கடையில் மறுபதிப்பைப் பார்த்து வாங்கி வந்தேன். கல்லூரியில் வாசித்தபோது எனக்கு லில்லியாக இருக்க ஆசை, லில்லி என்பவள் லிஸியின் சித்தப்பா மகள், படிக்கப் போகிறவள். இந்தத் தடவை லில்லி வந்த பக்கங்களை வேகமாகத் தள்ளினேன். லிஸி சும்மா இருக்கிற பக்கங்களில்தான் நின்றேன். அவள் பேசாமல் இருக்கிறாளே தவிர எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. எதிர்த்துப் பேசுகிறவளை அடக்க ஆயிரம் வழி உண்டு, பேசாமல் தன் இடத்திலேயே நிற்கிறவளை என்ன செய்ய முடியும்? அதிலிருந்து அவள் என் ஆள் ஆகிவிட்டாள். 2012-ல் மார்த்தாண்டத்தில் ஒரு ரப்பர் ஷீட் கடையில் கணக்கு எழுதும் வேலைக்குப் போகத் தீர்மானித்தபோது நானும் வீட்டில் சண்டை போடவில்லை, விளக்கம் சொல்லவில்லை, திங்கட்கிழமை காலையில் சோறு கட்டிக்கொண்டு கிளம்பினேன். அது லிஸியிடம் கற்றதுதான்.

இந்த இடத்தில் முதல் பாடத்தைச் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் வாசித்துப் பிடிக்காமல் போன ஒரு பாத்திரத்தைப் பத்துப் பதினைந்து வருஷம் கழித்து இன்னொரு தடவை போய்ப் பாருங்கள். வாழ்க்கையில் ஏதாவது ஒன்று மாறிய பிறகு போவது நல்லது, வேலை, கல்யாணம், வீடு மாற்றம், சாவு எதுவானாலும் சரி. ஆறு மாசத்துக்குள் திரும்ப வாசித்தால் கதைதான் ஞாபகம் வரும், ஆள் வரமாட்டாள்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது மூன்றாவது வாசிப்பைப் பற்றித்தான்.

2022-ல் மாமிக்கு, என் கணவரின் அம்மாவுக்கு, கண்புரை ஆபரேஷன் நடந்தது. அப்போது அவர்களுக்கு எழுபத்தெட்டு வயது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கஷ்டம் அதற்கப்புறம்தான். குனியக்கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது, அடுப்புப் புகை ஆகாது. எந்நேரமும் முற்றத்தைப் பெருக்கிக்கொண்டோ ஓலை கிழித்துக்கொண்டோ இருக்கும் ஒருவரைக் கட்டிலில் உட்கார வைப்பது லேசான காரியம் இல்லை. பெரிய எழுத்து வேதாகமத்தை வாசிக்கவும் கொஞ்ச நாள் தடை. கண்ணுக்கு இரண்டு வகைச் சொட்டு மருந்து, ஒரு நாளைக்கு நான்கு வேளை, முதல் மருந்து விட்டு ஐந்து நிமிஷம் கழித்துத்தான் அடுத்தது. அந்த ஐந்து நிமிஷமும் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும். முதல் நாள் சாயங்காலமே மாமி சொன்னார்கள், “பிள்ளே, இப்பிடிச் சவம் மாதிரி கிடக்கதுக்கு எதாவது சொல்லேன்.”

சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. பதினெட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் நானும் மாமியும் சாப்பாடு, கரண்ட் பில், பிள்ளையின் காய்ச்சல் தவிர எதையும் உட்கார்ந்து பேசியதில்லை. சண்டையும் கிடையாது. அலமாரியில் கைக்கு எட்டிய இடத்தில் ‘புத்தம் வீடு’ இருந்தது. எடுத்து முதல் பக்கத்தை வாசித்தேன்.

ஒரு பக்கம் முடிவதற்குள் மாமி கையைத் தூக்கினார்கள். “நீ என்ன, ரேடியோவுல நியூஸா வாசிக்கிய? நம்ம ஆளுவ இப்பிடியா பேசுவாவ?”

இந்த நாவலின் பேச்சை இரண்டு தடவையும் நான் கண்ணால்தான் வாசித்திருந்தேன். கல்லூரித் தமிழின் வேகத்தில் கண் ஓடிவிடும், சொல் எங்கே இழுபடும், எங்கே அறுபடும் என்பது காதில் விழாது. மாமி சொல்லிக்கொடுத்தபடி, கண்ணப்பச்சி பேசுகிற இடத்தில் நிறுத்தி, இழுத்து, மூக்கால் கொஞ்சம் முனகி வாசித்ததும் அந்தக் கிழவர் கட்டிலின் கால்மாட்டில் வந்து உட்கார்ந்துவிட்டார் போல இருந்தது. வட்டார வழக்கில் உள்ள எந்த நாவலுக்கும் இதைத்தான் சொல்வேன். கதை சொல்லும் பகுதியை மனசுக்குள் வாசியுங்கள், பேச்சை மட்டும் வாய்விட்டு வாசியுங்கள். அந்த ஊர்க்காரர் யாராவது பக்கத்தில் இருந்தால் அவரிடம் ஒரு பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், அப்புறம் மிச்சத்தை நீங்களே சரியாக வாசித்துவிடலாம்.

ஐந்து நிமிஷம் என்று ஆரம்பித்தது இரண்டாம் வாரத்தில் சாயங்கால வேளையில் மட்டும் அரை மணி நேரம் ஆனது. குடும்ப ஜெபம் முடிந்து, மருந்து விட்டு, மின்விசிறியை ஒன்றில் வைத்துவிட்டு, மாமிக்கு நன்றாகக் கேட்கிற வலது காது பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்காருவேன். வயதானவர்களுக்கு வாசிக்கிறவர்கள் இதையெல்லாம் கவனிக்க வேண்டும். எந்தக் காது என்று கேட்டுக்கொள்ளுங்கள், மின்விசிறிச் சத்தம் பெரிய தடை. அத்தியாயம் முடியும்வரை இழுக்காதீர்கள், கதை நல்ல இடத்தில் நிற்கும்போது நிறுத்துங்கள், மறுநாள் அவர்களே கூப்பிடுவார்கள். தூக்கம் வந்தால் அவர்கள் சொல்ல மாட்டார்கள், ‘ம்’ கொட்டுவது நின்றால் நீங்கள்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாமிக்கு லிஸியைப் பிடிக்கவில்லை. என்னைப் போல எரிச்சலால் அல்ல, வேறு காரணம். தங்கராஜின் பேச்சு வந்த அன்று கண்ணை மூடியபடியே கேட்டார்கள், “அவளுக்கென்ன, பெரிய வீட்டுப் பிள்ளை, உள்ள இருந்து நினைச்சிட்டுக் கிடக்கலாம். வெளிய தெரிஞ்சா அடி வாங்குதது ஆரு? அவன்லா?”

எனக்குச் சுருக்கென்றது. லிஸியை யாராவது குறை சொன்னால் நான் தாங்கமாட்டேன். அவள் எவ்வளவு சகிக்கிறாள் தெரியுமா என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். மாமி கேட்கவில்லை. “அவனுக்க அம்மை எங்க? அவளப் பத்தி வாசி” என்றார்கள். பனையேறியின் மனைவியைப் பற்றி, விடிலியில், அதாவது பதநீர் காய்ச்சும் குடிசையில், நிற்கிறவளைப் பற்றி என்னை வாசிக்கச் சொல்கிறார்கள். நான் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷமும் அந்தப் பெண்ணை நான் தேடியதே இல்லை.

மாமி பனையேறி வீட்டு மகள். எனக்கு அது தெரியும், கல்யாணத்தின்போதே யாரோ சொன்னார்கள். தெரியும் என்பதோடு சரி, அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. நான் ஆசிரியர் வீட்டுப் பிள்ளை, எங்கள் வீட்டில் அக்கானி தை மாசத்துக்கு அப்புறம் செம்பில் வரும், குடிப்போம், அது எங்கிருந்து வருகிறது என்று யோசித்ததில்லை. பதநீரைத்தான் நாங்கள் அக்கானி என்போம்.

அன்றைக்குப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். மாமி சொல்லச் சொல்லக் கேட்டது இது.

மாமியின் அப்பா விடியுமுன் கிளம்புவார். இடுப்பில் அருவாள் பெட்டி, தோளில் பனை ஏற உதவும் முருக்குத்தடி, அக்கானி ஊற்றிக்கொள்ளச் சுரைக்குடுவை. மரத்தில் ஏறுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமுவார். பனை உச்சியிலிருந்து பார்த்தால் சுற்றி உள்ள எல்லா வீட்டுப் புழக்கடையும் தெரியும், பெண்கள் குளித்துக்கொண்டிருந்தால் ஒதுங்கிக்கொள்ளட்டும் என்று அந்தச் செருமல். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை ஏறிப் பாளையை மெல்லிசாகச் சீவிவிட வேண்டும், விட்டுவிட்டால் பாளை காய்ந்து ஊறல் நின்றுபோகும். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவாவிட்டால் அக்கானி புளித்துக் கள்ளாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னாலேயே ஏறி முடிப்பார். “பாளைக்கு ஞாயித்துக்கெழம தெரியுமா மக்களே?” என்றார்கள் மாமி. ஒரு நாள் அக்கானி உடைமைக்காரருக்கு, ஒரு நாள் இவர்களுக்கு.

அக்கானி இறங்கியதும் வேலை பெண்களுடையது. விடிலி என்பது ஓலைக் குடிசை, அதற்குள் பெரிய பானை, அடியில் காய்ந்த ஓலையும் மட்டையும் எரியும். கருப்பட்டி ஆக மணிக்கணக்கில் காய்ச்ச வேண்டும். நுரை பொங்கி வெளியே வழியப் பார்க்கும், அப்போது ஆமணக்குக் கொட்டையைத் தட்டிப் போட்டால் அடங்கும். மாமிக்கு ஒன்பது வயதில் அந்தக் கொட்டையைத் தட்டிப் போடுவதுதான் வேலை. அப்புறம் கூப்பனி ஆகும், தேன் மாதிரி இறுகி வரும். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பார்த்து, அது கரையாமல் உருண்டால் இறக்கிச் சிரட்டைகளில், அதாவது கொட்டாங்குச்சிகளில், ஊற்றலாம். கொஞ்சம் முந்தினால் கட்டி சேராது, கொஞ்சம் பிந்தினால் அடிப்பிடித்துக் கசக்கும். “எனக்க அம்மைக்கு சொட்டு விட்டுப் பாக்க வேண்டாம். மணத்தில சொல்லுவா.”

கடைசியாகத்தான் அதைச் சொன்னார்கள். பனையை நெஞ்சோடு அணைத்து ஏறி ஏறி, அப்பாவின் நெஞ்சு நடுவில் தோல் கறுத்துக் காய்த்துப்போயிருக்கும். ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் அம்மா அதில் எண்ணெய் தேய்ப்பாள். மாமி தன் நெஞ்சில் கையை வைத்துக் காட்டினார்கள், விரலைப் பரத்தி, இவ்வளவு அகலம் என்று. ஆபரேஷன் ஆன கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, மருந்தா என்னவென்று தெரியவில்லை, நான் பஞ்சை எடுத்து ஓரத்தில் மட்டும் ஒற்றினேன்.

“லிஸி அந்தக் காய்ப்பப் பாத்திருக்காளா?” என்று கேட்டார்கள். “அவனக் கெட்டணும்னா அதப் பாக்கணும்லா.”

எத்தனை பேரிடம் லிஸியைப் பற்றிப் பேசியிருப்பேன். இப்படி ஒரு கேள்வி எனக்குத் தோன்றியதில்லை. நான் அவளை வீட்டுக்குள்ளிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் பக்கத்தில் நின்று, அவள் பார்த்த திசையில். மாமி பனை உச்சியிலிருந்தும் விடிலியிலிருந்தும் அதே வீட்டைப் பார்க்கிறார்கள். அங்கிருந்து பார்க்கும்போது லிஸி ஜன்னலுக்குப் பின்னால் நிற்கிற பாவப்பட்ட பிள்ளை இல்லை, என்ன விலை கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கிறாளா இல்லையா என்று கேட்கப்பட வேண்டியவள். அந்த வாரம் முழுக்க எனக்கு லிஸியோடு ஒரு மனத்தாங்கல் இருந்தது. அப்புறம் பக்கம் பக்கமாக அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டே வாசித்துப் போனபோது, அவள் என்னைக் கைவிடவில்லை. அவளுடைய பிடிவாதம் கனவு காண்கிறவளின் பிடிவாதம் இல்லை. சொந்த வீடு சரிந்துகொண்டிருப்பதை நாள்தோறும் உள்ளிருந்து பார்த்தவள் அவள். எது நிற்கும், எது நிற்காது என்று அவளுக்குத் தெரியும். முன்னைவிட இப்போது அவள்மேல் மதிப்பு கூடியிருக்கிறது, முன்பு இருந்தது கொஞ்சம் இரக்கம் கலந்தது என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

மாமி மாறியது வேறு இடத்தில். லிஸியின் பள்ளிக்கூடம் நின்றதைப் பற்றி நான் வாசித்தபோது பேசாமல் இருந்தவர்கள், பல நாள் கழித்து, அதைத் திரும்ப வாசி என்றார்கள். வாசித்தேன். இன்னொரு தடவை என்றார்கள். மூன்றாவது தடவை வாசித்த பிறகு சொன்னார்கள், ஆறாம் வகுப்போடு தனக்கும் நின்றது என்று, அதே காரணத்துக்காக. கணக்கில் வகுப்பிலேயே முதல். டீச்சர் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பேசினாராம், அம்மா ஒரு செம்பு அக்கானி கொடுத்து உபசரித்து அனுப்பிவிட்டாள். “பெரிய வீட்டுலயும் நிறுத்துனாவளா?” என்று கேட்டார்கள். “நாங்க இல்லாத்தவிய, அதனாலன்னுலா நான் நெனச்சிருந்தேன்.” அறுபத்தைந்து வருஷமாக அப்படி நினைத்திருக்கிறார்கள். அதற்கப்புறம் லிஸியை ‘அவ’ என்று சொல்லவில்லை, ‘பிள்ளை’ என்றார்கள். பிள்ளை இன்னைக்கு என்ன செய்யியா, பிள்ளைக்கு ஆராவது சோறு குடுத்தாவளா.

சரி, நான் செய்த தவறுகளையும் எழுதினால்தான் யாருக்காவது உபயோகம்.

மாமி பேச ஆரம்பித்த முதல் பத்து நாளும் நான் எதையும் பதிவு செய்யவில்லை. விடிலி பற்றி மேலே எழுதியிருப்பதெல்லாம் ராத்திரி பாத்திரம் கழுவி முடித்த பிறகு ஞாபகத்திலிருந்து கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்தது, பாதி போய்விட்டது. அப்புறம் மாமியிடம் கேட்டுவிட்டு போனில் பதிவு செய்தேன். கேட்காமல் செய்யாதீர்கள். போனைக் கையில் பிடித்து முகத்துக்கு நேரே நீட்டினால் பேச்சு உடனே மாறிவிடுகிறது, சபையில் சாட்சி சொல்கிற குரல் வந்துவிடும். தலையணைக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு நாம் வாசிப்பதில் கவனமாக இருந்தால் போதும். ஒரு நாள் பதிவுக்கு ஒரு பெயர், தேதி, எந்தப் பக்கம் வாசித்தபோது இந்தப் பேச்சு வந்தது என்ற குறிப்பு, இவ்வளவு இருந்தால் பின்னால் தேடுவது சுலபம்.

இன்னொன்று, அவர்கள் பேச்சு எங்கே போனாலும் கதைக்கு இழுத்துக்கொண்டு வராதீர்கள். ஆரம்பத்தில் நான் அதைத்தான் செய்தேன், சரி மாமி, இப்ப லிஸி என்ன செய்தான்னா என்று. ஒரு நாள் மாமி, “லிஸி அங்கதான் இருப்பா, ஓடிர மாட்டா, நான் சொல்லுதத முடிக்க விடு” என்றார்கள். அதிலிருந்து பேச்சு வந்தால் பக்கத்தில் ஒரு தென்னங்குச்சியைச் செருகி மூடிவிடுவேன்.

சொற்களுக்காகத் தனி நோட்டு போட்டேன். அகராதியில் தேடித் தேடி முன்பு அலுத்திருக்கிறேன், பாதிச் சொல் கிடைக்காது, கிடைத்தாலும் பொருள் ஒட்டாது. இப்போது ஒரு சொல், யார் சொன்னார், எந்த ஊர், எதைப் பற்றிப் பேசும்போது, என்று நான்கு கட்டம். எண்பத்து மூன்று சொல் சேர்ந்திருக்கிறது. ஒரே பொருளுக்கு எங்கள் பக்கம் ஒன்று, அகஸ்தீஸ்வரம் பக்கம் ஒன்று என்று வருகிறது, கடைக்கு ஷீட் கொண்டுவருகிறவர்களிடமும் கேட்பேன். அவர்களில் வயதானவர்கள் பலர் ஒரு காலத்தில் பனை ஏறியவர்கள், இப்போது ரப்பர் வெட்டுகிறார்கள். முருக்குத்தடி என்று நான் சொன்னதும் ஒருவர் பில்லை வாங்க மறந்து கால் மணி நேரம் நின்று பேசினார்.

புத்தகத்தை இரவல் கொடுத்த கதையும் உண்டு. பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் எழுதி வைத்திருந்த என் பிரதியை, தெரிந்த ஒருவர் ஆசையாகக் கேட்டார் என்று 2016-ல் கொடுத்தேன். ஒரு வருஷம் கழித்து மழையில் ஊறிக் காய்ந்து இரண்டு மடங்கு தடிமனாக வந்தது, ஓரக் குறிப்புகள் எல்லாம் மங்கிப்போய். மனசு ஆறவே இல்லை. கோடு போட்ட பிரதி கொடுப்பதற்கு இல்லை. பிடித்த புத்தகம் என்றால் இரண்டு வாங்குங்கள், ஒன்று உங்களுக்கு, ஒன்று ஊருக்கு. இப்போது ஊருக்கான பிரதி நான்கு வீடு சுற்றிக்கொண்டிருக்கிறது, அது திரும்பி வராவிட்டாலும் எனக்குக் கவலை இல்லை.

பிடித்த பாத்திரத்தை அடுத்தவருக்கு அறிமுகப்படுத்துவதிலும் நான் தவறியிருக்கிறேன். கடையில் கூட வேலை பார்க்கும் தங்கச்சி ஒருத்தியிடம் லிஸியைப் பற்றி அரை மணி நேரம் பேசிவிட்டுப் புத்தகத்தைக் கொடுத்தேன். இருபது பக்கத்தில் நிறுத்திவிட்டாள், அக்கா நீங்க சொன்ன லிஸி இதுல இல்லையே என்றாள். சரியாகத்தான் சொன்னாள். நான் சொன்னது என் அடுக்களை ஜன்னலில் நின்ற லிஸி, அவளுக்கு வேறொருத்தி கிடைக்க வேண்டியிருந்தது. இப்போதெல்லாம் ஒரு பாராட்டும் சொல்வதில்லை. இது நம்ம ஊர்க் கதை, ஒரு அத்தியாயம் வாசித்துப் பார், பிடிக்காவிட்டால் கொடுத்துவிடு என்கிறேன். அப்படிக் கொடுத்தவர்களில் பலர் முடித்தார்கள், அவர்களில் இரண்டு பேருக்குக் கண்ணப்பச்சியைத்தான் பிடித்திருக்கிறது, லிஸியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு உள்ளூர வருத்தம்தான், ஆனால் கேட்கவில்லை.

ஒரு சபலம் வரும், அந்த வீட்டைத் தேடிப் போகலாமா என்று. எனக்கும் வந்தது. ஒரு லீவு நாளில் கணவரின் பைக்கில் தக்கலை, திருவட்டாறு என்று சுற்றினேன், பழைய ஓட்டு வீடுகளாகப் பார்த்துப் பார்த்து. ஒன்று போலவே இருந்தது, திண்ணையும் மரத்தூணும், சரிந்த மதிலும். ஆனால் சுற்றிலும் ரப்பர். வெயில் தரையில் விழாத இருட்டு, பால் வடிகிற சிரட்டைகள். பனைவிளையில் இருக்க வேண்டிய அந்த ஓலைச் சத்தம் அங்கே இல்லை. அப்படித் தேடுவதைவிட, உங்கள் பக்கத்தில் மிச்சமிருக்கிற ஒரு பனைக்கு அடியில் காற்றடிக்கும்போது பத்து நிமிஷம் நின்றால் போதும் என்பது என் அனுபவம். எங்கள் விளையிலும் 90-களில் மாமனார் பனையை வெட்டி ரப்பர்தான் வைத்தார், மேற்கு எல்லையில் மட்டும் மூன்று நிற்கிறது. ஏற ஆள் இல்லை. அதை விற்றுவிடலாம் என்று கணவர் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார், இப்போது சொல்வதில்லை.

ஆறு வாரத்தில் சொட்டு மருந்து முடிந்தது. நாவலும் அதே வாரத்தில் முடிந்தது. கடைசி அத்தியாயத்தை வாசித்தபோது மாமி ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து படுத்துக்கொண்டார்கள். கண் தெளிந்துவிட்டது, இனி வேதாகமத்தைத் தானே வாசிப்பார்கள், நம் வேலை முடிந்தது என்று புத்தகத்தை அலமாரியில் வைத்தேன்.

இரண்டு வாரம் போயிருக்கும். மகள் அப்போது சென்னையில் படிக்கப் போய்ச் சேர்ந்திருந்தாள், அவளுக்கு மாமியின் பதிவுகளில் ஒன்றை அனுப்பியிருந்தேன். ராத்திரி கூப்பிட்டாள். “அம்மா, பாட்டி கூப்பனின்னு சொல்லுதாவளே, அது என்னம்மா?” எனக்குத் தெரியும், சொல்லியிருக்கலாம். போனை மாமியிடம் கொடுத்தேன்.

மாமி போனை வலது காதில் வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்தார்கள். “மக்களே, கூப்பனின்னா... நில்லு, மொதல்ல இருந்து சொல்லணும். விடிலின்னா என்னன்னு தெரியுமா ஒனக்கு?” நான் அடுக்களையில் தோசைக்கு மாவைக் கரைத்துக்கொண்டிருந்தேன். ஆமணக்குக் கொட்டை வரை வந்து, சிரட்டை வரை போய், அப்பாவின் நெஞ்சுக் காய்ப்புக்கு வந்தபோது குரல் கொஞ்சம் இறங்கியது. அந்தப் பக்கம் மகள் என்ன கேட்டாளோ தெரியவில்லை. “அது புஸ்தகத்துல இருக்கு, ஒரு பிள்ளை, லிஸின்னு” என்று ஆரம்பித்தார்கள் மாமி. “ஒனக்க அம்மைக்கு ரொம்ப இஷ்டம். கொள்ளாம், நல்ல பிள்ளையாக்கும். நீ லீவுக்கு வா, நான் வாசிச்சுத் தாறேன், அம்மை வாசிச்சா நியூஸ் மாதிரி இருக்கும்.”